அமலி எதை அம்மா என்கிறாள்

குவைத்தில் இருக்கும் என் மகளுக்கு, திரேஸ்புரத்திலிருந்து அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகமாக இருக்கிறோம். உன் அம்மாவின் முட்டுவலி வழக்கம்போலத்தான். கோவில் படி ஏறும்போது வலிக்கிறது, மீன் வாங்கப் போகும்போது வலிப்பதில்லை. உன் வீட்டுக்காரர் துறைமுகத்தில் நேரங்காலம் பார்க்காமல் லாரி ஓட்டுகிறார். வீட்டுக்குள் வந்ததும் மகளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுத்தான் சட்டையைக் கழற்றுகிறார். அமலி நடக்கிறாள், விழுகிறாள், எழுந்து மறுபடி நடக்கிறாள்.

போனில் ஒரு நிமிடத்தில் பேசி முடிக்கிற காலத்தில் இந்தக் கிழவன் ஏன் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தான் என்று நினைப்பாய். நான் சொல்லப்போவதைப் போனில் சொல்ல முடியாது. இந்த வீட்டில் யார் போனை எடுத்தாலும் அமலி எங்கிருந்தாலும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிறாள். பிள்ளையை வைத்துக்கொண்டே பிள்ளையைப் பற்றிக் குறை சொல்வதுபோல் பேச எனக்குப் பிடிக்கவில்லை. அதோடு உன் அம்மா பக்கத்தில் நின்று கண்ணைக் காட்டுவாள், நான் பேச்சை மாற்றிவிடுவேன். உன்னோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற சாயர்புரத்துப் பெண் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாள். மக்ரூன் டப்பாவோடு இதையும் கொடுத்து அனுப்புகிறேன். மக்ரூனை எல்லாருக்கும் கொடு. இதை நீ நிதானமாக, வேலை இல்லாத நாளில் படி.

போன வாரம் நீ என்னிடம் கேட்டாய், "அப்பா, அவ அம்மான்னு சொல்லுதாளா?" நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "சொல்லாம? நாள் பூரா அதத்தான சொல்லுதா. எனக்குக் காது வலிக்கி" என்றாள். நீ சிரித்தாய். சிரித்துவிட்டு மூக்கை உறிஞ்சியதும் கேட்டது. "அடுத்த மாசம் என்னயக் கண்டதும் ஓடி வருவால்லம்மா" என்றாய். "வராம எங்கன போவா" என்றாள் உன் அம்மா. அவள் சொன்னதில் பொய் இல்லை. அமலி நாள் முழுக்க அம்மா என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆனால் உன்னைச் சொல்லவில்லை. போனைச் சொல்கிறாள்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நீயும் குடித்துவிட்டு வந்து மீதியைப் படி.

எனக்கு இது தெரியவந்தது கரையில், மீன் ஏலம் போடுகிற இடத்தில். படகுகள் வரும் நேரத்தில் அமலியை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கே போவது என் வழக்கம். ஏலம் கூறுகிற கித்தேரியானை உனக்குத் தெரியும், குரல் போனாலும் நிறுத்தாத ஆள். அன்று அவர் போனைக் காதில் வைத்து யாரிடமோ விலை சொல்லிக்கொண்டிருந்தார். அமலி என் இடுப்பிலிருந்து எட்டித் துள்ளி, அவரைப் பார்த்து "அம்மா" என்றாள். அவர் போனை இறக்கிவிட்டு, "ஏளா, நான் உனக்கு அம்மையா? எனக்கு மீசையெல்லாம் இருக்கு பாரு" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அமலி குனிந்து அந்தப் பைக்குள் பார்த்து "அம்மா?" என்று கேட்டாள். திரும்பி வரும்போது ஐஸ் உடைக்கிற பையன் கையில் ஒரு போன், அதுவும் அம்மா. மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த பெண்ணின் மடியில் ஒன்று, அதுவும் அம்மா. அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்து சோதித்துப் பார்த்தேன். உன் கல்யாணப் படத்தையும் என்னுடைய பழைய, உயிர் போன போனையும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். "அம்மா எங்க தாயி?" என்றேன். யோசிக்கவே இல்லை, போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். படத்தைக் காட்டி இது யார் என்று கேட்டேன். உற்றுப் பார்த்தாள். உன் தலையில் இருந்த மல்லிகையின் மேல் விரலை வைத்து "பூ" என்றாள்.

அவள்மேல் கோபப்படாதே, உன்மேலும் கோபப்படாதே. நான் அவள் இடத்தில் நின்று யோசித்துப் பார்த்தேன், அவள் போட்ட கணக்கில் தப்பே இல்லை. அவளுக்கு ஒரு வயது முடிவதற்குள் நீ கிளம்பிவிட்டாய். அன்றிலிருந்து சாயங்காலமானால் நாங்கள் என்ன செய்கிறோம்? அந்தத் தட்டையான சாமான் மணி அடிக்கிறது. உன் அம்மா "அம்மா, அம்மா வந்துட்டா" என்று கூவிக்கொண்டு அடுப்படியிலிருந்து ஓடி வருகிறாள். "அம்மாவப் பாரு, அம்மாக்கு முத்தம் குடு" என்று அதை அமலியின் முகத்தில் ஒட்டுகிறோம். அவள் கண்ணாடியில் முத்தம் கொடுக்கிறாள். வெளிச்சம் அணைந்ததும் "அம்மா போயிட்டா" என்கிறோம். அதற்குள்ளே தெரிகிற முகம் ஒருநாள் தொப்பி போட்டிருக்கிறது, ஒருநாள் பாதிதான் தெரிகிறது, ஒருநாள் அசையாமல் நின்றுவிடுகிறது. மாறாமல் இருப்பது போன் ஒன்றுதான். நாங்கள் எதைக் காட்டி அம்மா என்று சொன்னோமோ அதைத்தான் பிள்ளை அம்மா என்கிறாள்.

உன்னை வளர்க்கும்போது நான் பாதி நாள் கடலில் இருந்தேன். ஒரு பிள்ளைக்குப் பேச்சு வருவதைத் தொடக்கத்திலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது எனக்கு இதுதான் முதல் தடவை. வார்த்தை வருவதற்கு முன்னால் ராகம் வருகிறது, தெரியுமா? அமலிக்கு ஒரு சொல்லும் வாயில் நிற்காத நாளிலேயே ஏலத்தின் ஏற்ற இறக்கம் வந்துவிட்டது. கையை நீட்டிக்கொண்டு, குரலை மேலே மேலே ஏற்றி, கடைசியில் பொத்தென்று இறக்குவாள். அர்த்தம் ஒன்றும் கிடையாது. கேட்டால் வாளை மீன் விற்பதுபோலவே இருக்கும். பிறகு கையில் பட்டதெல்லாம் சொல்லாக வந்தது. தலையில் ஊற்றும்போது "அண்ணி" என்றாள், அதுதான் தண்ணி. டம்ளரைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்தபோது நான் "சூடு" என்றேன். இப்போது அவளுக்குப் பிடிக்காத எல்லாமே சூடு, பக்கத்து வீட்டு நாய்கூடச் சூடு. மழைத்தண்ணீரில் என் செருப்பு மிதந்ததைப் பார்த்து "ஓணி" என்றாள். செருப்பைத் தோணி என்று அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? யாரும் இல்லை. மிதக்கிறது என்பதை அவளே பிடித்துக்கொண்டாள். நீயும் அப்படித்தான். மூன்று வயதில் "நான் இங்கனதான் நிக்கினேன்" என்பாய். நின்றேன் என்று உன் அம்மா எத்தனையோ தடவை திருத்தினாள். நிக்கினேன் என்று ஊரில் ஒருவரும் சொல்வதில்லை, ஆகவே நீ அதை யாரிடமிருந்தும் கேட்டிருக்க முடியாது. அந்த வயதில் பிள்ளைகள் கேட்டதைத் திருப்பிச் சொல்வதோடு நிற்பதில்லை, உள்ளே உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்கள்.

அதிலும் இந்த அம்மா என்ற சொல் லேசுப்பட்ட கணக்கா என்ன? நம் வீட்டில் அது படுகிற பாட்டை நீயே எண்ணிப் பார். நான் உன்னை அம்மா என்று கூப்பிடுகிறேன். "சாப்பிட்டியாம்மா" என்று போனில் கேட்கிறேன். உன் வீட்டுக்காரர் மகளை "வாம்மா, வாங்கம்மா" என்று தூக்குகிறார். மீன்காரி வாசலில் நின்று "அம்மா, நெத்திலி" என்கிறாள். உன் அம்மாவின் கால்விரல் அம்மியில் இடித்தால் அதுவும் அம்மா. இத்தனைக்கும் நடுவில் ஒரு சின்னப் பிள்ளை உட்கார்ந்து, இது யாருடைய பேர் என்று பிரித்தெடுக்கவேண்டும். பெற்றவள் பக்கத்தில் இருந்தால் பால் குடிக்கிற நேரத்திலேயே அது தன்னால் பிரிந்துவிடும். பக்கத்தில் இல்லாவிட்டால் கொஞ்சம் சுற்றிப் போகும்.

சுற்றிப் போகும் என்று நான் சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை. எனக்கு நடந்திருக்கிறது. நடத்திக் காட்டியவள் நீ.

நீ பிறந்தபோது நான் தோணியில் தண்டலாக இருந்தேன். சரக்கையும் ஆட்களையும் பத்திரமாகக் கரை சேர்ப்பது என் பொறுப்பு. வெங்காயமும் செங்கலும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போவோம். நீ தவழ்ந்துகொண்டிருந்த சமயத்தில் கிளம்பிப் போன ஒரு பயணத்தில் அங்கே எஞ்சின் பழுதாகிவிட்டது. மாற்றுவதற்குப் பாகம் வரவேண்டும். இன்று வரும் நாளை வரும் என்று கிடந்தோம், பருவமே போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைதோறும் நம் வீட்டுக்கு எதிரே இருந்த மளிகைக்கடை அண்ணாச்சியின் போனுக்குப் பேசுவேன். சிவப்பு போன், மேலே ஒரு துணி போட்டு மூடியிருப்பார். உன் அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள், "அப்பா பேசுதாவ, அப்பா பேசுதாவ" என்று அதை உன் காதில் வைப்பாள். மற்ற நாட்களில் கடைக்குப் போனாலும் அண்ணாச்சி உன்னிடம் "அப்பா எங்க?" என்று கேட்பாராம், நீ போனைக் காட்டுவாயாம், அவர் ஒரு கடலைமிட்டாய் கொடுப்பாராம். நல்ல மனிதர், அவருக்கு அது ஒரு விளையாட்டு.

ஒரு வழியாக நான் வந்து சேர்ந்தேன். தாடியும் மீசையுமாக, கையில் உனக்கு ஒரு கவுனும் பால்பவுடர் டப்பாவுமாகத் தெருவில் நுழைந்தேன். உன் அம்மா இடுப்பில் உன்னை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "ஏளா, யாரு வந்திருக்கா பாரு. அப்பா. அப்பா வந்துட்டாவ" என்றாள். நீ என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாய். பிறகு கழுத்தைத் திருப்பி, எதிரே இருந்த கடையைக் கையால் காட்டி "அப்பா" என்றாய். கடைக்குள்ளிருந்து அண்ணாச்சி பதறி எழுந்துவிட்டார். "தாயி, நான் இல்ல, எங்க வீட்ல கேட்டா என்னய வெட்டிப்போடுவா" என்றார். நீ காட்டியது அவரை இல்லை என்று புரிவதற்குள் தெருவே கூடிவிட்டது. எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நான் அந்தச் சிவப்பு போனைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 

உன் அம்மா விடுவாளா? "அப்பான்னு சொல்லுளா, சொன்னாத்தான் சோறு" என்று உன்னை நெருக்கினாள். நீ வாயை இறுக்கி மூடிக்கொண்டாய். பிள்ளையைப் போட்டு வதைக்காதே என்று நான் சொன்னேன். கரையில் எனக்குச் செய்ய வேறு வேலையும் இல்லை. காலையில் உன்னைக் குளிப்பாட்டினேன், முள் எடுத்து மீன் ஊட்டினேன், தோளில் வைத்துக் கரைக்குக் கொண்டுபோனேன். நீ பயப்படவில்லை, ஆனால் என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடவும் இல்லை. இடையில் டீ குடிக்க, கோவிலுக்குப் போக என்று எப்போது வெளியே போனாலும் நான் வாசலில் நின்று "வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போவேன். போகிறேன் என்ற சொல் நம் வீட்டு வாசலில் வரவே கூடாது. கடலுக்குப் போகிறவன் வீட்டில் அதை யாரும் சொல்லித் தரவும் தேவையில்லை.

ஒருநாள் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்தேன். பின்னால் இருந்து "வாயே" என்று ஒரு சத்தம். நீ யாரையோ வரச் சொல்கிறாய் என்று நினைத்துத் தெருவைப் பார்த்தேன், ஒருவரும் இல்லை. மறுபடி "வாயே" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். உன் அம்மாதான் கண்டுபிடித்தாள். "உங்களத்தான் கூப்பிடுதா. எப்பப் பாரு வாரேன் வாரேன்னுட்டுத் திரியுதீங்கல்லா, அதான் உங்க பேருன்னு நினைச்சிருக்கா" என்றாள். உனக்கு அப்பா என்பது போன், வாரேன் என்பது நான். எனக்குக் கோபமோ வருத்தமோ வந்திருக்கலாம். அந்த நேரத்தில் வந்தது பசித்தவனுக்குச் சோறு கிடைத்ததுபோல ஒரு நிம்மதிதான். "என்ன தாயி" என்று திரும்பினேன். அன்றிலிருந்து எத்தனை தடவை வாயே என்றாயோ அத்தனை தடவையும் என்ன என்று கேட்டேன். தோணியில் இருந்த பயல்கள் தெரிந்துகொண்டு, துறைமுகத்தில் என்னைக் கண்டால் "வாயே வாராரு" என்று சொல்லிச் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

பேரை யாரும் மாற்றவில்லை, நீயேதான் மாற்றினாய். ஒருநாள் நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கடையில் நிற்கும்போது போன் அடித்தது. அண்ணாச்சி வழக்கம்போல "ஏளா, உங்க அப்பா கூப்பிடுதாரு" என்றார். நீ போனைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். மறுபடி போனைப் பார்த்தாய். உள்ளே ஏதோ புரள்கிறது என்று முகத்திலேயே தெரிந்தது. என் மீசையைப் பிடித்து இழுத்து, "வாயே அப்பா" என்றாய். பள்ளிக்கூடம் போகும்வரை என்னை வாயேப்பா என்று கூப்பிட்டது உனக்கு நினைவிருக்கலாம். எதற்காக என்று நீ கேட்டபோது, மழலை என்று சொல்லிவிட்டோம். காரணம் இதுதான்.

அடுத்த பயணத்துக்குக் கிளம்பும் நாள் வந்தது. பிள்ளை தூங்கும்போது நழுவிவிடுங்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். களவாண்டு போவதுபோல எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் வாசலில் நின்று வாரேன் என்றும் சொல்ல முடியவில்லை. அது என் பேர் ஆயிற்றே. பேரைச் சொல்லிவிட்டுக் காணாமல் போனால் பிள்ளை என்ன நினைப்பாள்? "அப்பா தோணிக்குப் போ..." என்று தொடங்கியதும் உன் அம்மா என் வாயைப் பொத்திவிட்டாள். "நல்ல நேரத்துல என்ன பேச்சு? ஒழுங்காச் சொல்லுங்க" என்றாள். "போயிட்டு" என்றேன். அதற்குமேல் சொல்லாமல் குனிந்து பையை எடுத்தேன். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் நிறுத்தியதும் நீ "வாயே" என்றாய். என் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டாய், அது எனக்குத் தெரியும். தெருவில் நின்றவர்கள், போயிட்டு வா என்று பிள்ளை வாக்குச் சொல்லிவிட்டது, இனி கவலை இல்லை என்றார்கள். அந்தப் பயணம் முழுக்க நான் அதை நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

இனி உன் அம்மாவைப் பற்றி ஒன்று. இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று எனக்கு உத்தரவு. அதனால்தான் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

ஊசி போட்டதில் அமலிக்குக் காய்ச்சல் வந்தது, உனக்குச் சொன்னோம். காய்ச்சல் அடித்த நாள் முழுக்க உன் அம்மா அவளைத் தோளிலிருந்து இறக்கவில்லை. கீழே வைத்தால் அழுதாள், அதனால் முட்டுவலியோடு நடந்துகொண்டே இருந்தாள். சாயங்காலம் காய்ச்சல் விட்டது. அமலி தலையைத் தூக்கி, உன் அம்மாவின் முகத்தைப் பார்த்து, கன்னத்தில் உள்ளங்கையை வைத்து "அம்மா" என்றாள். பக்கத்தில் போன் எதுவும் இல்லை. முகத்தைப் பார்த்துச் சொன்ன சொல் அது. எந்தப் பெண்ணாக இருந்தாலும் என்ன கண்ணு என்றிருப்பாள். உன் அம்மாவோ, "ஆச்சி. நான் ஆச்சி" என்றாள். அமலி மறுபடி "அம்மா" என்றாள். "ஆச்சின்னு சொல்லுளா" என்று உன் அம்மா கொஞ்சம் அதட்டினாள். பிள்ளைக்கு உதடு பிதுங்கியது. அவளை என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

நான் போய், "ஒருவாட்டி என்னன்னு கேட்டிருந்தா என்ன குறைஞ்சிரும் உனக்கு?" என்றேன். அவள் திரும்பவில்லை. "கேட்டா அது எம் பேராயிரும். அவ வந்து நிக்கும்போது அவளுக்கு நான் என்னத்தக் குடுப்பேன்?" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வயசான காலத்தில் இதெல்லாம் சுலபமாக வருகிறது. ஆனாலும் அவள் செய்தது சரி என்று நான் சொல்ல மாட்டேன். கூப்பிட்ட பிள்ளைக்குப் பதில் வேண்டும். அன்று அமலி ஒரு முகத்தைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னாள், பதில் வரவில்லை. மறுநாளிலிருந்து அதை மறுபடி போனுக்கே கொடுத்துவிட்டாள். போன் ஒன்றுதானே அந்தச் சொல்லுக்குப் பதில் பேசுகிறது.

ஆகவே நீ வந்து இறங்கும்போது என்ன நடக்கும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். அவள் ஓடி வரமாட்டாள். உன் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்ப்பாள், உன் கையில் இருக்கும் போனைக் காட்டி அம்மா என்பாள். அந்த நேரத்தில் உன் நெஞ்சு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். போனை ஒளிக்காதே, இது அம்மா இல்லை என்று அவளிடம் வழக்காடாதே, நான்தான் அம்மா என்று சொல்லச்சொல்லி நெருக்காதே. மறுநாள் காலையில் குளிப்பாட்டு. முள் எடுத்து ஊட்டு. கரைக்குத் தூக்கிக்கொண்டு போ, அவள் எதைக் காட்டுகிறாளோ அதை நீயும் பார்த்து அதைப் பற்றியே பேசு. நாலைந்து நாளிலோ பத்து நாளிலோ அவள் உனக்கு ஒரு பேர் வைப்பாள். நீ எப்போதும் தலையில் தண்ணீர் ஊற்றுவதால் அண்ணி என்று வைத்தாலும் வைப்பாள். எதுவாக இருந்தாலும் உடனே என்ன என்று கேள். மற்றது அவள் பார்த்துக்கொள்வாள்.

அதுவரை பேசுவதையும் நிறுத்திவிடாதே. போன் வேண்டாத சாமான் என்று நான் சொல்ல வரவில்லை. உன் வார்த்தை அவளுக்குள் போகாவிட்டாலும் உன் ராகம் போயிருக்கிறது. அந்த உயிர் போன போனைக் காதில் வைத்துக்கொண்டு இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடக்கிறாள், நீ நடப்பதுபோல. ஒன்றும் புரியாத பேச்சு. ஆனால் கேள்வி கேட்கும்போது நீ குரலை எங்கே தூக்குவாயோ அங்கே தூக்குகிறாள். கடைசியில் உன்னைப்போலவே பெருமூச்சு விட்டு "ம்ம்" என்று முடிக்கிறாள். முதல்தடவை பார்த்தபோது உன் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார்.

லீவு முடிந்து மறுபடி போவதா, இங்கேயே இருந்துவிடுவதா என்பது உன் முடிவு. நீ ஆசைப்பட்டுப் படித்த படிப்பு, காத்திருந்து வாங்கிய வேலை. ஆயுசு முழுக்கக் கடலுக்குப் போனவனுக்குப் போகாதே என்று சொல்ல வாய் கிடையாது. போனாலும் இருந்தாலும், இந்த ஒரு மாதம் வேறு எதற்கும் ஒப்புக்கொள்ளாதே. சொந்தக்காரர் வீட்டு விருந்தையெல்லாம் நான் சமாளித்துக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், இதைச் செய். நீ வரும்போது அமலி உன் அம்மாவின் இடுப்பில்தான் இருப்பாள். உன் கை தன்னால் அவளைப் பார்த்து நீளும். நீட்டாதே. முதலில் உன் அம்மாவைக் கூப்பிடு. உன் வீட்டுக்காரர் அவளை அத்தை என்கிறார், நான் ஏளா என்கிறேன். அவளை அம்மா என்று கூப்பிட இந்த வீட்டில் நீ ஒருத்திதான் உண்டு. ஒரு மகள் தன் அம்மாவை நேருக்கு நேர் கூப்பிடுவதையும் அந்த அம்மா பதில் சொல்வதையும் அமலி நினைவு தெரிந்து நம் வீட்டில் பார்த்ததில்லை. கிட்டே வந்து, உன் அம்மாவின் முகத்தைப் பார்த்து, நன்றாகக் கேட்கும்படி அம்மா என்று சொல்லிக் கட்டிக்கொள். அவள் உனக்குப் பதில் சொல்வாள், அதற்கு நான் பொறுப்பு. நீங்கள் இரண்டுபேரும் அழுதுகொண்டு நிற்கும்போது நடுவில் அமலி இருப்பாள். உன் முகத்தைப் பார்ப்பாள், உன் அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள், மறுபடி உன்னைப் பார்ப்பாள். அவசரப்படுத்தாதே. பார்க்கட்டும்.